செம்மேட்டுக்கு ஒரு பார்சல்

ஆத்தூரில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோது, வீட்டுக்கு இரண்டு மணி நேரப் பாதைதான் மீதி இருந்தது. ராசிபுரம் போய், அங்கிருந்து நேரே நாமக்கல். மாலைக் காபியை என் வீட்டு அடுப்பில் நானே போட்டுக் குடித்திருக்கலாம்.

டிசம்பர் தொடக்கத்தில் ஸ்கூட்டரில் தனியாகக் கிளம்பியிருந்தேன். பாலக்காடு வழியாகக் கேரளத்துக்குள் இறங்கி, கடலோரமாகவே கர்நாடகம், கோவா என்று ரத்னகிரி வரைக்கும் ஏறி, அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பி, சோலாப்பூர், தெலங்கானா, கர்னூல், கடப்பை, திருவண்ணாமலை என்று பெரிய வட்டமாகச் சுற்றி வந்தாயிற்று. பொங்கலும் சாலையிலேயே கழிந்தது. இடுப்பு வலித்தது. கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே இருந்த மணிக்கட்டு மட்டும் வேறு யாருடைய கையோ போலக் கறுத்திருந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர எல்லாக் காரணமும் இருந்தது. ஆனாலும் ஓட்டலை விட்டு வெளியே வந்து வண்டிச் சாவியைக் கையில் எடுத்தபோது, ராசிபுரம் ரோட்டில் திரும்ப மனம் வரவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோழித்தீவன ஆலை ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். வேலை பார்த்த காலத்தில் இந்த ஸ்கூட்டர் வீட்டிலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து வீட்டுக்கும்தான் ஓடியது. ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், இதை இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கலாம் போல இருக்கிறது என்று கணவரிடம் சொன்னேன். எவ்வளவு தூரம் என்று கேட்டார். ரத்னகிரி என்றேன். அவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். இந்தியாவில் உள்ள பாதி ஊர்களின் பெயரை லாரிகளின் நெற்றியில் எழுதியவர். சேலத்தைத் தாண்டி அதிகம் போனதில்லை. என் பேச்சைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்த வாரமே ஸ்கூட்டரைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கரும்பச்சை நிறத்தில் புதிதாக அடித்துக் கொண்டுவந்தார். வழியில் எங்கே வண்டி நின்றாலும் நம்மூர் லாரி ஒன்று அந்தப் பக்கம் வரும், பயப்படாதே என்றார். அவர் சொன்னபடியே இரண்டு இடங்களில் வந்தது.

ராசிபுரம் ரோட்டில் திரும்பாததற்குக் கொல்லிமலைதான் காரணம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது கிழக்கே அது தெரியும். மழைக்காலத்தில் பச்சையாக, கோடையில் புகை படிந்த மாதிரி. கல்யாணமாகி நாமக்கல் வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருமுறைகூட ஏறியதில்லை. கணவருக்கு மலை ரோடு ஆகாது. கல்யாணமான புதிதில் ஏற்காட்டுக்கு பஸ்ஸில் கிளம்பினோம். சில வளைவுகளிலேயே அவருக்குக் குமட்டத் தொடங்கி, வழியில் இறங்கி, ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கீழே வந்த அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டோம். ஏற்காட்டிலேயே வளைவுகள் இருபதுதான். கொல்லிமலையில் எழுபது. அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் மலைப் பேச்சை எடுத்ததில்லை.

சோலாப்பூர் பக்கம் டீக்கடை வைத்திருந்த ஒரு பெண்ணிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் ஊரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். முட்டை, லாரி எல்லாம் சொல்லி முடித்து, எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு பெரிய மலை இருக்கிறது என்று கையைத் தூக்கிக் காட்டினேன். மேலே குளிருமா என்று அவள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதற்குள் வேறு யாரோ டீ கேட்க, அவள் அந்தப் பக்கம் போய்விட்டாள். அப்புறம் சாலையில் பல நாட்கள் அந்தக் கேள்வி சும்மா சும்மா வந்து போய்க்கொண்டிருந்தது.

ஆத்தூரில் வண்டியைத் தம்மம்பட்டி ரோட்டில் விட்டேன். முள்ளுக்குறிச்சிப் பக்கமிருந்து மலைக்கு ஏறும் பாதை ஒன்று உண்டு. ஏறிவிட்டு மறுநாள் காரவள்ளிப் பக்கம் இறங்கினால் வீட்டுக்கு ஒரு நாள்தான் தாமதம். இதைக் கணவருக்கு போனில் சொன்னபோது, பார்த்துப் போ என்று மட்டும் சொன்னார்.

மேலே குளிரத்தான் செய்தது. பாதி மலை ஏறும்போதே மரங்கள் நெருங்கி வெயில் துண்டு துண்டாகிவிட்டது. ஒரு திருப்பத்தில் நிறுத்தி, தெலங்கானாக் குளிருக்கு வாங்கிய கம்பளிச் சட்டையை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டேன். மலை மேல் ஒரு சிகரம் இருக்கும், அங்கே போய் நின்று பார்ப்போம் என்று நினைத்திருந்தேன். ஏறி முடித்த பிறகு பார்த்தால் அங்கே ஒரு முழு நாடே விரிந்து கிடந்தது. மேடும் பள்ளமுமாகக் மரவள்ளிக் கிழங்குக் காடுகள், பள்ளத்தில் நெல் வயல், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள், ரேஷன் கடை, சிமெண்டு மூட்டை ஏற்றிய வேன். மொட்டை மாடியிலிருந்து இத்தனை வருஷம் நான் பார்த்தது இதன் சுவரை மட்டும்தான் போலிருக்கிறது.

செம்மேடு நெருங்கும் இறக்கத்தில் பின் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி நிற்கவில்லை. பிடி கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. சக்கரத்துக்குள்ளிருந்து இரும்பு இரும்போடு உரசும் சத்தம் வந்தது. முன் பிரேக்கை மெல்லமாகப் பிடித்து, காலைத் தரையில் தேய்த்து, எப்படியோ ஓரமாக நிறுத்தினேன். பயம் எதுவும் வரவில்லை. வண்டியிடம், இத்தனை ஊர் சுற்றிவிட்டு இங்கே வந்தா என்று கேட்கத் தோன்றியது.

செம்மேட்டில் மெக்கானிக் கடையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மெக்கானிக் நாற்பது வயதுக்காரர். அவசரத்தில் இருந்தார், உறவில் ஏதோ நிச்சயதார்த்தமாம். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, பிரேக் ஷூ சுத்தமாகத் தேய்ந்துவிட்டது என்றார். என் வண்டி பழைய மாடல், அதற்குரிய ஷூ அவரிடம் இல்லை. சமவெளி என்றால் இதை வைத்தே மெதுவாகப் போய்விடலாம், எழுபது வளைவு இறங்க நான் விட மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்னார். அவர் திங்கட்கிழமைதான் கீழே போய்ச் சாமான் வாங்குவார். அன்றைக்கு வியாழன். நாமக்கல்லில் யாராவது இருந்தால் வாங்கிக் காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள், இங்கே எல்லாச் சாமானும் அப்படித்தான் வருகிறது என்றும் சொன்னார். கணவருக்கு போன் போட்டேன். மெக்கானிக்கே போனை வாங்கி மாடலையும் சாமானையும் விவரமாகச் சொன்னார். சரி சரி என்று கணவர் கேட்டுக்கொண்டது எனக்கும் கேட்டது.

அந்த மெக்கானிக் கடையை ஒட்டி ஒரு சின்ன டிபன் கடை. நடத்துபவள் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண், சுறுசுறுப்பான ஆள். நான் டீ குடிக்கும்போதே என் கதை முழுவதையும் பக்கத்துக் கடையிலிருந்து கேட்டு முடித்திருந்தாள். வாழவந்தி நாடு என்ற ஊர்ப் பக்கம் அவள் வீடு. வீட்டை ஒட்டி, மலை பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிற அறை ஒன்று இருக்கிறது, சனி ஞாயிறு தவிரச் சும்மாதான் கிடக்கிறது, வந்து தங்கிக்கொள்ளுங்கள் என்றாள். கடை சாத்திய பிறகு அவளுடைய மொபெட்டிலேயே கூட்டிக்கொண்டு போனாள். அத்தனை நாட்களில் நான் ஒரு வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்தது அன்றுதான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மேட்டில் ஏறும்போது அவள் முன்னால் குனிந்தாள், நானும் குனிந்தேன்.

அவள் கணவர் கிழங்கு லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். நாங்கள் போனபோது முகம் கைகால் கழுவிக்கொண்டிருந்தார். வாங்க என்று சொல்லிவிட்டு, எனக்கு வெந்நீர் வைக்க விறகு எடுக்கப் போய்விட்டார். இரவுச் சாப்பாடு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். நான் மூன்றாவது முறை குழம்பு வாங்கியபோது அவள் சட்டியையே என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் எனக்கு எங்கும் போக வழியில்லை. இத்தனை நாளும் காலை எழுந்தால் பையைக் கட்டி, வண்டியைத் துடைத்து, அடுத்த ஊர் எது என்று பார்ப்பதுதான் வேலை. அன்றைக்கு எழுந்து அறை வாசலில் நின்றேன், எதிரே பனி வயலை மூடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணும் அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. மிளகு பறிக்க ஆள் வரச் சொல்லியிருந்தாளாம். அவள் வீட்டுக்குப் பின்னால் சரிவில் பலா மரங்களிலும் சில்வர் ஓக் மரங்களிலும் மிளகுக் கொடி ஏறிக் கிடந்தது. இரண்டு பேர் மூங்கில் ஏணி சாய்த்து ஏறிச் சரம் சரமாகப் பறித்துச் சாக்கில் போட்டார்கள். கீழே தார்ப்பாய் விரித்து, சரத்திலிருந்து மிளகை உருவுவது எங்கள் வேலை. நானாகத்தான் போய் உட்கார்ந்தேன். அவள் தடுக்கவில்லை. கண்ணைத் தொட்டுவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னாள். சொல்லி முடிக்கும் முன் நான் தொட்டிருந்தேன். கொஞ்ச நேரம் அழுதேன், அவள் தண்ணீர் ஊற்றினாள், மறுபடி உட்கார்ந்தேன்.

வழியெல்லாம் என்னை எல்லோரும் கேட்டது ஒன்றுதான். தனியாகவா, பயமாக இல்லையா? கேரளத்தில் கேட்டார்கள், கோவாவில் கேட்டார்கள், கர்னூலில் ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்திவைத்துக் கேட்டார். பதிலைப் பல பாஷைகளில் சொல்லப் பழகியிருந்தேன். இவள் அதைக் கேட்கவில்லை. மிளகை உருவிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் வேறொன்றைக் கேட்டாள்.

"ஏனுங்க்கா, திரும்ப ஊட்டுக்குப் போகோணும்னு இருக்குதுங்களா?"

அதைத்தான் ஆத்தூரிலிருந்து நானும் கேட்டுக்கொள்ளாமல் வந்திருந்தேன்.

"ஒரு நாளைக்கு இருக்குது, ஒரு நாளைக்கு இல்ல," என்றேன்.

"இன்னைக்கு?"

"இன்னைக்கு இங்கயே இருந்தாலும் சரிதான்னு இருக்குது அம்மணி."

அவள் சிரித்தாள். அவளும் ஒருமுறை அப்படிப் போயிருக்கிறாளாம். கல்யாணத்துக்கு முன்னால் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. நன்றாகத்தான் இருந்தது, தோழிகள், சினிமா எல்லாம். பண்டிகைக்கு மலைக்கு வந்தவள் திரும்பப் போகவில்லை. யாரும் தடுக்கவில்லை, அவளுக்கே அப்படித் தோன்றிவிட்டது. ஏன் என்று கேட்டேன். இங்கே காலையில் எழுந்து கதவைத் திறந்தால் எதிரே ஆட்கள் நிற்க மாட்டார்கள், அதுதான் என்றாள். அவள் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. என் காரணத்தையும் சொன்னேன். வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதே மாடி, அதே துணிக்கொடி, அதே அடுப்பு. திரும்பிப் போய் ஒரு வாரத்தில் நான் எங்கும் போகாதவள் மாதிரி ஆகிவிடுவேனோ என்று ஒரு கலக்கம். அவள் கையிலிருந்த சரத்தை உருவி முடித்தாள். பிறகு, அப்படி ஆனா ஆகிட்டுப் போங்க, வண்டி அங்கதான நிக்கும் என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு ஓடவில்லை. ஏணியில் நின்றவர் சாக்கு நிரம்பிவிட்டது என்று சத்தம் கொடுத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறைக்கு என்னைக் கூட்டிப்போனாள். அங்கேதான் போனுக்கு டவர் கிடைக்கும். அதோடு கீழே சமவெளியும் தெரிந்தது. இருட்ட இருட்ட அங்கங்கே விளக்குகள் எரியத் தொடங்கின. அதுதான் உங்க ஊரு வெளிச்சமுங்க என்று ஒரு பக்கம் காட்டினாள். நாமக்கல்தானா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, சேந்தமங்கலமாகவும் இருக்கலாம். ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நின்றுதான் கணவரிடம் பேசினேன். ஷூ வாங்கிவிட்டேன் என்றார். காலையில் முதல் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தால் போதும், செம்மேட்டில் நான் வாங்கிக்கொள்கிறேன், மெக்கானிக்கும் கடையில் இருப்பார் என்றேன். சரி என்றார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். ரசம் வைத்தேன் என்றார். அவர் ரசம் வைத்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை, மொபெட்டில் செம்மேடு வந்து பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். வெயில் வந்தும் குளிர் விடவில்லை. பஸ் வந்தது. கண்டக்டர் முன்பக்கம் இறங்கி, செய்தித்தாள் கட்டு, ரொட்டித் தட்டு, மருந்துக் கடைப் பெட்டி என்று ஒவ்வொன்றாக இறக்கி ஆட்களிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் போய், நாமக்கல்லிலிருந்து ஸ்கூட்டர் சாமான் ஒரு பார்சல் வந்திருக்க வேண்டுமே என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வந்திருக்குதுங்க. பின்னாடி இறங்கிட்டு இருக்குது பாருங்க."

பின் படியில் என் கணவர் இறங்கிக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, வாயில் ஒரு கையால் பொத்திய இன்னொரு துண்டு, மற்றொரு கையில் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய பார்சல். முகம் சாம்பல் பூத்திருந்தது. கடைசிப் படியில் காலை வைக்கும்போது தரை அசையுமோ என்று சந்தேகப்பட்டவர் போல நிறுத்தி நிறுத்தி வைத்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் எத்தனை நாளாகிறது என்று உறைத்தது. நடு ரோட்டில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

"கண்டக்டர்கிட்டக் குடுத்தாப் போதும்னு சொன்னனுங்களே," என்றேன்.

"அவர் மறந்துட்டா?"

"அவரு மறக்க மாட்டாருங்க."

"சரி, மறக்க மாட்டாரு," என்றார். பார்சலை என் கையில் கொடுத்தார். "ரொம்ப நாளாச்சுல்ல."

அதைச் சொல்லிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார்.

டிபன் கடைக்காரி அவருக்கு இஞ்சி தட்டிப் போட்ட கடுங்காபி கொடுத்தாள். எத்தனையாவது வளைவிலிருந்து ஆரம்பித்தது என்று கேட்டாள். மூன்று என்றார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு டம்ளர் ஊற்றினாள். மெக்கானிக் ஷூவைப் பிரித்துப் பார்த்து, சரியான சாமான்தான் என்று சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தார்.

கொஞ்சம் தெளிந்ததும் என் கணவர் எழுந்து வண்டியிடம் போனார். சுற்றிச் சுற்றி வந்தார். அவர் அடித்துக் கொடுத்த கரும்பச்சையில் இப்போது கீறலும் உரசலும் நிறைய. ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, இது எங்கே என்று கேட்டார். இது பாலக்காட்டில் ஓட்டல் வாசலில் இன்னொரு வண்டி சாய்ந்தது என்றேன். இது? கார்வாரில் மணலில் சறுக்கியது. இது? ரத்னகிரிக்குப் போகும் வழியில் ஒரு ஆடு வந்து முட்டியது. ஆட்டுக்கு என்னாச்சு என்றார். ஒன்றும் ஆகவில்லை, அதுபாட்டுக்குப் போய்விட்டது என்றேன். போனில் தினமும் பேசியும் இதையெல்லாம் நான் சொல்லியிருக்கவில்லை. பயப்படுவார் என்று விட்டிருந்தேன். அவர் பயப்படவில்லை. முன் மூடியில் நீளமாக ஓடிய ஒரு கோட்டைக் காட்டினார். இது எங்கே என்று எனக்கே நினைவில்லை. அதன் மேல் மட்டும் கொஞ்ச நேரம் கட்டை விரலை வைத்திருந்தார். சக்கரம் மாட்டி முடியும்வரை நான் பேசிக்கொண்டே இருந்தேன். சோலாப்பூர் டீக்கடை, கர்னூல் போலீஸ்காரர், கடப்பையில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது லாட்ஜ்காரர் மனைவி கஞ்சி கொடுத்தது. எல்லாம் கேட்டார். நடுவில் ஒருமுறை, ரத்னகிரியில கடல் பச்சையா, நீலமா என்றார். காலையில் பச்சை என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

மதியத்துக்கு முன் வண்டி தயாராகிவிட்டது. ஒரு மேடு ஏறி இறங்கிப் பார்த்தேன். பிரேக் சொன்ன இடத்தில் நின்றது. அப்போதுதான் அடுத்த விஷயம் வந்தது. அவர் எப்படித் திரும்புவது? நான் வண்டியில் இறங்கப்போகிறேன், பின் சீட்டு காலியாக இருக்கிறது. பைகளைக் காலடியில் கட்டிக்கொள்ளலாம். திறந்த வண்டியில் காற்றுப்பட்டால் குமட்டலும் குறைவாக இருக்கும். எல்லாம் சரிதான். ஆனால் டிசம்பரில் வாசலிலிருந்து தனியாகப் புறப்பட்டவள் அதே வாசலுக்குத் தனியாக வந்து சேர வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது. அதைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. எனக்காக வாந்தியெடுத்துக்கொண்டு மலையேறி வந்த மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது?

"பின்னாடி உக்காந்துக்கோங்க, போயிரலாம்," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"மனசாரச் சொல்றியா?"

நான் பதில் சொல்வதற்குள் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அது போதுமாக இருந்தது அவருக்கு.

"நீ தனியாக் கிளம்புனே, தனியாவே வந்து சேரு. நான் பஸ்ஸுல வாரேன். ஏறும்போது செத்தவன் இறங்கும்போது இன்னொருக்காவா சாகப்போறேன்?"

டிபன் கடைக்காரி இரண்டு நாரத்தை இலையைக் கசக்கி அவர் கையில் கொடுத்து, மூக்கருகே வைத்துக்கொண்டே போங்கண்ணா என்றாள். எனக்கு ஒரு பொட்டலம் பச்சை மிளகு கட்டிக் கொடுத்தாள். உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்கள் என்றாள். அடுத்த தடவை வரும்போது பையை இறக்கிவைத்துவிட்டுப் பேசுங்கள், இந்தத் தடவை கிளம்புகிறவர் மாதிரியே உட்கார்ந்திருந்தீர்கள் என்றும் சொன்னாள். அடுத்த தடவை என்று அவள் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது நெஞ்சுக்கு இதமாக இருந்தது.

டிரைவருக்குப் பின்னால் உட்காருங்கள், ஆட்டம் குறையும் என்று கண்டக்டர் சொல்லியும் என் கணவர் கடைசி சீட்டுக்குத்தான் போனார். பின் கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கத்தான். பஸ் கிளம்பியது. நான் பின்னால் போனேன்.

காரவள்ளிப் பக்கம் இறங்கும் அந்த ரோட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் வளைவின் எண்ணை எழுதிவைத்திருக்கிறார்கள். பஸ் வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்கும், மூக்கை வெளியே நீட்டித் திரும்பும், பிறகு நான் இருக்கும் இடத்துக்கு நேர் கீழே எதிர்த்திசையில் போகும். அப்போது சன்னலில் அவர் தெரிவார். முதல் சில வளைவுகளில் கையை ஆட்டினார். பிறகு கை வரவில்லை, நாரத்தை இலைதான் தெரிந்தது. அதன் பிறகு துண்டு. ஆனாலும் ஒவ்வொரு முறையும் முகம் இந்தப் பக்கமே திரும்பியிருந்தது. நான் அவசரப்படவில்லை. புது பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, பஸ்ஸுக்குத் தேவையான இடம் கொடுத்து, பின்னாலேயே இறங்கினேன். ஓரிடத்தில் குரங்குகளுக்காக பஸ் நின்றது. நானும் நின்று என்ஜினை அணைத்தேன். கீழே சமவெளி முழுக்க வெயில். எங்கேயோ ஒரு லாரி ஹாரன். இதே மலையை அந்தப் பக்கம் நின்று பார்த்த வருஷங்களில் இந்தச் சரிவில் நான் இருப்பேன் என்றோ, முன்னால் போகும் பஸ்ஸில் அவர் இருப்பார் என்றோ ஒருநாளும் நினைத்ததில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஹெல்மெட்டுக்குள் சத்தமாகவே சிரித்தேன்.

காரவள்ளியில் டீக்காக பஸ் நின்றது. அவர் இறங்கி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார். சோடா வாங்கிக் கொடுத்தேன். நான் கூட இருக்கட்டுமா என்று கேட்டேன். இனிமேல் சமவெளிதான், நீ முன்னாடி போய் உலை வை என்றார். வீட்டுச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம் என்று தெரிந்த ஊர்கள் வந்தன. நேரான ரோடு. வெயிலுக்குக் கம்பளிச் சட்டையைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொண்டேன். எங்கள் தெருவில் திரும்பும்போது யாரும் வெளியே இல்லை. அது சனிக்கிழமை மதியம், எல்லோரும் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார்கள். வண்டியை அதன் வழக்கமான இடத்தில் ஸ்டாண்டு போட்டேன். எதிர்பார்த்த மாதிரி ஒன்றும் தோன்றவில்லை. கால் கழுவிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

அடுப்படியில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ரசச் சட்டியின் அடி கருகியிருந்தது. அதைத் தேய்க்க நீண்ட முயற்சி நடந்திருப்பது தெரிந்தது. கூடத்துச் சுவரில், நான் போனில் சொல்லச் சொல்ல ஊர்ப் பெயர்களைச் சாக்பீஸால் எழுதிவைத்திருந்தார். லாரியில் எழுதுகிற அதே சாய்ந்த எழுத்து. நான் அதை அழிக்கவில்லை. குளித்துவிட்டு, உலை வைத்து, பச்சை மிளகை உப்புத் தண்ணீரில் போட்டேன். அரிசி கொதிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றேன். துணிக்கொடியும் அடுப்பும் இருந்த இடத்திலேயே இருந்தன. எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அவர் வர மாலையாகிவிட்டது. வழியில் பஸ் நின்று நின்று வந்ததாம். கலைந்த தலையும் கசங்கிய சட்டையும் கையில் வாடிய நாரத்தை இலையுமாக வாசலில் வந்து நின்றவரை நான்தான் கதவைத் திறந்து உள்ளே அழைத்தேன். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். நான் வைத்த ரசத்தை விட்டுச் சோறு சாப்பிட்டார். சாப்பிட்டதும் முகத்துக்கு ரத்தம் திரும்பிவிட்டது.

அதற்குள் தெரு எழுந்துவிட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் எதிர் வீட்டு அக்காவும் வந்தார்கள். எப்போது வந்தாய், கறுத்துப்போய்விட்டாயே என்று என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார்கள். நான் காபி போட உள்ளே வந்தேன். திரும்பிப் போனபோது பேச்சு என் கணவரிடம் போயிருந்தது. அவர் வாசல் படியில் உட்கார்ந்து கொல்லிமலை ஏறிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இடது கை மலை, வலது கை பஸ். டிரைவர் எப்படி ஒடித்தார், கண்டக்டர் என்ன சொன்னார், மேலே என்ன குளிர், எல்லாம் வந்தது. பிரேக் ஷூ இல்லாமல் நான் மலையில் மாட்டிக்கொண்டதும், அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க அவர் பட்ட பாடும் வந்தது. எதிர் வீட்டு அக்கா கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். ரத்னகிரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவரிடம் காலையிலேயே சொல்லியாயிற்று.

காபியைக் கொடுத்துவிட்டு, இடுப்பு வலிக்கிறது, கொஞ்சம் சாய்கிறேன் என்று உள்ளே வந்து பாயை விரித்தேன். ஃபேன் சத்தத்தோடு வாசலிலிருந்து அவர் குரல் வந்துகொண்டிருந்தது. நான் கண்ணை மூடும்போது அவர் இன்னும் பதினோராவது வளைவில்தான் இருந்தார்.